மாதக் கவர் வேண்டாம் என்கிற புது எஸ்.ஐ.: வாங்காமல் இருப்பதும் புகார் கொடுப்பதும்

கேள்வி இதுதான்: தம்பி ஊனமாஞ்சேரியில் பயிற்சி முடித்து, எஸ்.ஐ.யாக ஒரு தாலுகா ஸ்டேஷனில் சேர்ந்து சில மாதம் ஆகிறது. மாதம் பிறந்தால் அவர் மேசை டிராயரில் ஒரு கவர் கிடக்கிறது. வாங்க மனசில்லை. வேண்டாம் என்றால் இன்ஸ்பெக்டரின் பகை. வாங்காமல் காலம் தள்ள முடியுமா, மேலே புகார் சொல்லலாமா, சொன்னால் சட்டம் காப்பாற்றுமா?

வாங்காமல் இருப்பது ஒரு முடிவு, புகார் கொடுப்பது வேறொரு முடிவு. முதலாவதை இன்றைக்கே, தனி ஆளாக, யாரையும் கேட்காமல் எடுக்கலாம். இரண்டாவது சாட்சியம் சேர்க்கிற வேலை, அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் செய்யப்போய்த்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ரோல்காலில் (ஸ்டேஷனில் தினமும் எல்லாரையும் அணிவகுத்துக் கூட்டும் நேரம்) எல்லார் முன்னாலும் ஆவேசமாகப் பேசிவிட்டால், மறுநாளிலிருந்து அவர் கண்ணில் எதுவும் படாது. அவர் எழுதும் ஒவ்வொரு தாளை மட்டும் பத்துப் பேர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள்.

முதலில் அந்தக் கவர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மாமூல் என்பது ஒரு வேலைக்கு ஒரு லஞ்சம் அல்ல. சந்துக்கடையில் சரக்கு விற்பவர், லாட்டரி, குட்கா, மணல் வண்டி, சீட்டாட்டக் கிளப் என்று ஸ்டேஷன் எல்லைக்குள் கண்டுகொள்ளாமல் விட வேண்டியவர்கள் மாதாமாதம் கட்டும் தொகை அது. வசூலுக்கு நம்பிக்கையான ஒரு போலீஸ்காரர் இருப்பார். இன்ஸ்பெக்டர் நேரில் கை நீட்டுவதில்லை. மொத்தம் ஓரிடத்தில் சேர்ந்து, பதவிக்குத் தகுந்தபடி பிரிந்து இறங்கும். எஃப்.ஐ.ஆர். போட, பிடித்த வண்டியை விட, ஸ்டேஷன் ஜாமீன் கொடுக்க, பாஸ்போர்ட் விசாரணைக்கு என்று தலைக்குத் தலை வாங்குவது இதிலிருந்து தனி. இந்த வித்தியாசம் பின்னால் சாட்சியம் திரட்டும்போது மிக முக்கியம்.

பங்கு கொடுப்பது பாசத்தால் அல்ல. வாங்காத ஒருவர் ஸ்டேஷனில் இருந்தால் வாங்குகிற அத்தனை பேருக்கும் தூக்கம் வராது. ஹாங்காங் போலீஸில் 1970களின் தொடக்கத்தில் இதைப் பேருந்தை வைத்துச் சொல்வார்கள்: ஏறிக்கொள், இல்லையென்றால் கூடவே ஓடு, குறுக்கே மட்டும் நிற்காதே. பீட்டர் காட்பர் என்ற உயரதிகாரி 1973இல் விசாரணைக்கு நடுவே நாட்டை விட்டே ஓடிய வழக்கில் அமைத்த விசாரணை ஆணையத்தின் அறிக்கையிலேயே அது பதிவாகியிருக்கிறது. தம்பி முதலில் எடுக்க வேண்டிய முடிவு, ஏறாமல் இருப்பது.

இதில் சட்டம் கறார். ஊழல் தடுப்புச் சட்டம் 1988, 2018 திருத்தத்துக்குப் பிறகு, பிரிவு 7இன்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, கூடவே அபராதம். பதிலுக்கு எந்த வேலையும் முறைகேடாகச் செய்யவில்லை என்பது தப்பிக்கும் வழி அல்ல, கேட்டதோ வாங்கியதோ போதும். 'வாங்கி அனாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டேன்' என்பதும் எடுபடாது. வாங்கியது நிரூபணமானால், எதற்காக வாங்கினார் என்பதைப் பிரிவு 20 அவருக்கு எதிராகவே ஊகித்துக்கொள்ளும். பிரிவு 8இல் ஒரு சலுகை இருக்கிறது: கட்டாயத்தின்பேரில் லஞ்சம் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவர் மேல் குற்றம் இல்லை. பலர் இதை வாங்கினவருக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொருந்தாது. வாங்கிவிட்டு மனம் மாறுகிறவருக்கு இருக்கும் ஒரே வாசல், பிரிவு 5இன்படி சிறப்பு நீதிமன்றம் மன்னிப்பு தந்து அவரை அப்ரூவர் (அரசுத் தரப்புச் சாட்சி) ஆக்குவது. அங்கே போய் நிற்கிறபோது வேலையும் மானமும் பாதி போயிருக்கும். ஆகவே முதல் கவர்தான் முக்கியம். 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று வாங்கினாலும் மற்றவர்கள் கையில் அவருடைய குடுமி சிக்கிவிடும்.

மறுப்பதைச் சத்தமில்லாமல் செய்யலாம். 'அண்ணே, எனக்கு இது சரிப்படாது, என் கணக்கில் எதுவும் ஒதுக்காதீங்க' என்று ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரிடம் ஒரு வரி போதும். நீதி, நேர்மை என்று பிரசங்கம் வேண்டாம், மற்றவர்களைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவர் இல்லாத நேரத்தில் டிராயரில் வைத்திருந்தால் கவரைப் பிரிக்கவோ எண்ணவோ கூடாது. வைத்தவரை அழைத்து, இன்னொருவர் பார்க்க, அவர் கையாலேயே எடுக்கச் சொல்ல வேண்டும். இனிமேல் டிராயருக்குப் பூட்டு, பைக் பெட்டிக்கும் பூட்டு. அடுத்த மாதமும் வைத்தால், தேதி, நேரம், வைத்தவர் பெயரோடு எஸ்.பி.க்குப் பெயரிட்டு அன்றே ஒப்புகையுடன் பதிவு செய்த ஸ்பீடு போஸ்ட். ஜி.டி.யில் (ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பு) எழுதலாமே என்பார்கள். ஜி.டி. இன்ஸ்பெக்டரின் கட்டுப்பாட்டில் இருக்கிற புத்தகம், அதை மட்டும் நம்பக் கூடாது. தபால் ரசீதை யாரும் திருத்த முடியாது.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும், வெளியிலிருந்து பேசுகிறவர்கள் இதைத் தொடவே மாட்டார்கள். ஸ்டேஷன் செலவு. அனாதைப் பிணத்தை ஜி.எச்.சுக்கு எடுத்துப் போகிற வண்டி வாடகை, கைதிக்குச் சாப்பாடு, பேப்பர், டோனர், வெளியூருக்குக் குற்றவாளியைத் தேடிப் போகிற டீசல் என்று எதற்கும் அரசுப் பணம் உரிய நேரத்தில் வருவதில்லை. மாமூலில் ஒரு பகுதி இதற்குத்தான் போகிறது, மாமூலை நியாயப்படுத்தும் முதல் வாதமும் இதுதான். பங்கு வேண்டாம் என்கிற எஸ்.ஐ.யிடம், 'அப்போ பிணத்தை உன் காசில் தூக்கு' என்பார்கள். அவர் தன் வழக்குகளின் செலவைத் தானே போட்டு, பில் வைத்து, எழுதிக் கேட்க வேண்டியிருக்கும். திரும்பி வரத் தாமதமாகும், சிலது வரவே வராது. குடும்பத்தில் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

இனி ஆபத்து எங்கிருந்து வரும் என்பது. சினிமாவில் காட்டுவது மாதிரி லாரி வந்து மோதுவது அபூர்வம். வழக்கமாக வருவது மெமோ, அதாவது விளக்கம் கேட்கும் குற்றச்சாட்டுக் குறிப்பு. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள், 1955இல் சின்ன தண்டனைக்கு 3(ஏ), பெரிய தண்டனைக்கு 3(பி). 3(பி) ஒன்று நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. வருடக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் குற்றச்சாட்டை கைவிட்டாலும் போன சீனியாரிட்டிக்குப் போராட வேண்டும். அந்த மெமோவுக்கு விஷயம் எங்கிருந்து எடுப்பார்கள்? தம்பியின் சொந்த ஃபைலிலிருந்துதான்.

அதனால் நேர்மையான எஸ்.ஐ.க்கு முதல் கவசம் அவருடைய சி.டி., அதாவது வழக்கு நாட்குறிப்பு. ஒவ்வொரு நாள் புலன்விசாரணையும் அன்றன்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நடுவருக்குப் (மாஜிஸ்திரேட்) போன நேரம், கைது செய்த நேரம், 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்திய நேரம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். குற்றப்பத்திரிகைக்கு 60 நாள், கடுமையான குற்றங்களுக்கு 90 நாள் என்ற கெடு தாண்டினால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும். அப்படி ஒருவர் வெளியே வந்தால், 'எஸ்.ஐ. காசு வாங்கிக்கொண்டு லேட் பண்ணினார்' என்ற பெட்டிஷன் மறுநாளே எஸ்.பி. ஆபீஸில் இருக்கும். எழுதினது யார் என்று தேடினால் கிடைக்காது. கெடுத் தேதிகளைத் தனி டைரியில் எழுதி, 45ஆம் நாளே தன்னைத் தானே எச்சரித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

பணம், நகை கைப்பற்றும்போது இன்னும் கவனம். குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 105 சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. பலர் இதைக் கூடுதல் தொல்லையாக நினைக்கிறார்கள். கை சுத்தமான அதிகாரிக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது. நோட்டுக்கட்டைக் கேமரா முன்னால் எண்ணி, சாட்சிகள் முன்னிலையில் மகஜரில் (நடந்ததை அங்கேயே எழுதும் ஆவணம்) எழுதி, படிவம் 95இல் தாமதமில்லாமல் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டால், 'அஞ்சு லட்சம் பிடிச்சு மூணு லட்சம் காட்டினார்' என்று கிளப்ப வழியில்லை. பொருளை ஓர் இரவு ஸ்டேஷன் பீரோவில் வைத்தால் அந்த இரவுக்கு அவரே ஜவாபு.

சொந்தக் கணக்கும் அப்படியே. நடத்தை விதிகளின்படி சொத்து வாங்கினால், பெரிய கடன் வாங்கினால் துறைக்கு எழுத வேண்டும். மாமனாரிடம் கைமாற்று வாங்கி வீட்டுமனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு எழுத மறந்த நேர்மையாளர் மேல் 3(பி) பாயும். அந்த மெமோ சட்டப்படி சரியாகவே இருக்கும் என்பதுதான் கொடுமை.

இதெல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் இரண்டாவது முடிவைப் பற்றி யோசிக்கவே வேண்டும்.

லஞ்ச ஒழிப்புத் துறை ஒரு வழக்கைப் பெரும்பாலும் மூன்று வழியில் பிடிக்கும்: கையும் களவுமாகப் பிடிக்கும் டிராப், வருமானத்துக்கு மீறிய சொத்து, அலுவலகத்தில் திடீர் சோதனை. டிராப்புக்கு, பணம் கேட்கப்பட்ட பொதுஜனம் ஒருவர் புகார்தாரராக வேண்டும். அவர் கொண்டுவரும் நோட்டுகளின் எண்களை எழுதி, மேலே பினாப்தலின் பொடி தடவுவார்கள். வேறு துறையைச் சேர்ந்த இரண்டு அரசு ஊழியர்கள் சாட்சி. ஒரு கண்ணாடி டம்ளரில் சோடியம் கார்பனேட் கரைசல் வைத்து, சாட்சியின் விரலை நனைத்துக் காட்டுவார்கள், நிறம் மாறாது. பிறகு அதே விரலால் நோட்டைத் தொட்டுவிட்டு நனைத்தால் இளஞ்சிவப்பாகும். இத்தனையும் முன்மகஜரில் ஏறும். பணம் கைமாறி, பேசிவைத்த சைகை வந்ததும் உள்ளே போய், வாங்கியவரின் இரண்டு கை விரல்களையும் தனித்தனி டம்ளரில் நனைத்து, பணம் வைத்த சட்டைப் பையையும் நனைத்து, அந்தக் கரைசல்களைப் பாட்டிலில் அடைத்து முத்திரை வைத்துத் தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்புவார்கள்.

கை சிவந்தாலே தண்டனை என்று நினைக்க வேண்டாம். பணம் கேட்டதும் நிரூபணமாக வேண்டும், நோட்டு கிடைத்தது மட்டும் போதாது என்று சத்தியநாராயண மூர்த்தி வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடப்போன சாட்சிக்கு என்ன பேசினார்கள் என்று காதில் விழாமல், புகார்தாரரும் கோர்ட்டில் பிறழ்ந்தால் வழக்கு சாய்ந்துவிடும் என்ற நிலை இருந்தது. 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, புகார்தாரர் இறந்துபோனாலும் பிறழ்ந்தாலும் மற்ற சாட்சிகளைக் கொண்டும் சந்தர்ப்ப சாட்சியத்தைக் கொண்டும் கேட்டதை நிரூபிக்கலாம் என்று தெளிவாக்கியது. தம்பியைப் போன்ற உள்ளிருக்கும் சாட்சிக்கு மதிப்பு வருவது இங்கேதான்.

மாத மாமூலில் டிராப் வைப்பது கஷ்டம். அங்கே புதிதாக யாரும் எதுவும் கேட்பதில்லை, கொடுப்பவரும் சட்டவிரோதத் தொழில்காரர், புகார்தாரராக வரமாட்டார். ஆகவே தம்பி சொல்லக்கூடிய பயனுள்ள தகவல் இரண்டு வகை. ஒன்று, தலைக்குத் தலை வாங்கும் சம்பவங்கள்: எந்த சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது), என்ன தேதி, யாரிடம் கேட்டார்கள். அந்த மனுதாரர் தானாக முன்வந்தால் டிராப் நடக்கும், அவரைத் தம்பி தேடிப்போய்த் தயார்படுத்தக் கூடாது. செட்டப் என்று எதிர்த்தரப்பு சொல்ல அதுவே போதும். இன்னொன்று, வசூல் எந்த நாளில் எந்த இடத்தில் சேருகிறது என்பது. திடீர் சோதனைக்கு அந்த ஒரு தகவல் போதும், கணக்கில் வராத பணம் அங்கேயே சிக்கும்.

ஆதாரம் திரட்டுவதில் நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன். ஸ்டேஷன் ரிஜிஸ்டரை வீட்டுக்கு எடுத்துப்போவதும் பக்கத்தைக் கிழிப்பதும் தனிக் குற்றம், ஊழல் வழக்குக்கு முன்னால் அந்த வழக்குதான் வரும். ரிஜிஸ்டர் பெயர், பக்க எண், தேதி குறித்துக்கொண்டால் போதும், விசாரணை அதிகாரி உரிய முறையில் கைப்பற்றுவார். தன்னோடு ஒருவர் பேசியதைப் பதிவு செய்வது சாட்சியமாகும், மல்கானி வழக்கில் 1972இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் பதிவான அதே போனை அப்படியே வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல், வெட்டி ஒட்டிய கிளிப் எல்லாம் கோர்ட்டில் திணறும். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63இன் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) குறிக்கப்பட வேண்டும். கோப்பை ஒருமுறை எடிட் செய்தாலும் அந்த எண் மாறிவிடும்.

பத்திரிகைக்குக் கொடுத்தால் என்ன என்று ஒரு யோசனை வரும். நியூயார்க்கில் ஃபிராங்க் செர்பிகோ என்ற போலீஸ்காரர் அப்படித்தான் செய்தார். 1967 முதல் மேலதிகாரிகளிடமும் மேயர் அலுவலகம் வரையிலும் சொல்லிப் பார்த்து எதுவும் நடக்காமல், 1970 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்த பிறகுதான் போலீஸ் ஊழலை விசாரிக்க நாப் ஆணையம் அமைந்தது. 1971 பிப்ரவரியில் ஒரு போதைப்பொருள் சோதனையில் முகத்தில் சுடப்பட்டு, அதே ஆண்டு டிசம்பரில் ஆணையத்தின் முன் வந்து சாட்சி சொன்னார். டேவிட் டர்க் என்ற சக அதிகாரியும் கூட நின்றார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1966இன்படி அனுமதியில்லாமல் பத்திரிகையோடு தொடர்புகொள்வது குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறைக்கு வழி உண்டு. முகநூல் பதிவு இந்தச் சட்டத்திலிருந்து தப்பும் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

எங்கே போவது? துறைக்குள் எஸ்.பி., டி.ஐ.ஜி. வரை எழுதலாம், எஸ்.பி. நல்லவராக இருந்து வேலை ஒரு வாரத்தில் முடிந்த இடங்களும் உண்டு. ஆனால் 'முறையான வழி'யில் அனுப்பினால் தபால் அதே இன்ஸ்பெக்டர் கை வழியாகத்தான் போகும். ஊழல் குற்றம் பற்றிய தகவல் பணிநிலைக் கோரிக்கை அல்ல. அதை நேராக லஞ்ச ஒழிப்புத் துறைக்கே கொடுக்கலாம். அந்தத் துறையிலும் புலன்விசாரணை செய்பவர்கள் காவல் துறையிலிருந்து போனவர்கள்தான், உள்ளூர் பிரிவில் பழைய பேட்ச்மேட் இருக்கலாம். அதனால் மாவட்டப் பிரிவைத் தவிர்த்து, தலைமையகத்தில் இயக்குநருக்கு எழுதுவது மேல். டிராப்பில் ஸ்தலத்திலேயே கைது செய்ய, ஊழல் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 17ஏ சொல்லும் முன் அனுமதி தேவையில்லை. சி.பி.ஐ.யை நினைக்க வேண்டாம், மாநிலம் தன் பொது ஒப்புதலை 2023 ஜூனில் திரும்பப் பெற்றுவிட்டது. உயர் நீதிமன்றம் உத்தரவிட்டால் ஒழிய அவர்கள் வரமாட்டார்கள். தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டம், 2013இன்படியான புகார் ஆணையத்துக்கு உள்துறைச் செயலரே தலைவர். பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் கேட்டது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் இயங்கும் தனி அமைப்பு.

பாதுகாப்பு விஷயத்தில் இனிப்பாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2014இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. இருப்பது சாட்சி பாதுகாப்புத் திட்டம், 2018. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு விண்ணப்பம். ஆனால் அச்சுறுத்தல் பற்றிய அறிக்கையை எழுதுவது அந்த உட்கோட்டத்து டி.எஸ்.பி., குழுவில் ஓர் உறுப்பினர் மாவட்ட எஸ்.பி. யார் மேல் புகாரோ அவருடைய மேலதிகாரியே ஆபத்து இருக்கிறதா என்று எழுதுவார்! ஆகவே விண்ணப்பத்திலேயே, அறிக்கையை வேறு உட்கோட்ட அதிகாரியிடம் கேட்கும்படி காரணத்தோடு எழுத வேண்டும், மறுத்தால் உயர் நீதிமன்றம். 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் இறந்த சாத்தான்குளம் வழக்கில் தலைமைக் காவலர் ரேவதி சொன்னது நின்றதற்குக் காரணம் இருக்கிறது. நடுங்கிக்கொண்டே அவர் சொன்னதை நேரில் வந்த நீதித்துறை நடுவர் எழுதி வாங்கினார், மதுரைக் கிளை அவருக்குப் பாதுகாப்பு தர உத்தரவிட்டது. அதையே அவர் ஸ்டேஷனுக்குள் யாரிடமாவது சொல்லியிருந்தால் அது ஜி.டி.யில்கூட ஏறியிருக்காது. தம்பியும் விசாரணை அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுத்த கையோடு, நடுவர் முன் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 183இன்கீழ் பதிவு செய்யும்படி எழுதிக் கேட்கட்டும்.

பிறகு பழிவாங்கல். ஆயுதப்படைக்கு மாற்றுவார்கள், காத்திருப்பில் வைப்பார்கள், பக்கத்து மாவட்டத்துக்குத் தூக்குவார்கள். வெறும் இடமாற்றத்தில் கோர்ட் லேசில் தலையிடாது. தண்டனைக்குப் பதிலாகப் போட்ட இடமாற்றம் என்று காட்ட முடிந்தால் தலையிடும், சோமேஷ் திவாரி வழக்கு, 2009. புகார் போன தேதி, மாறுதல் ஆணையின் தேதி, நடுவில் வந்த மெமோக்கள் என்று வரிசையாக வைத்தால் நீதிபதிக்கு ஒரே பக்கத்தில் புரியும், அந்தத் தபால் ரசீது அப்போது பேசும். மாநிலப் பணியாளருக்கு நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லை, அரசியலமைப்பின் பிரிவு 226இல் நேராக உயர் நீதிமன்றம்தான். 3(பி) வந்தால் கோபத்தில் அன்றைக்கே பதில் எழுதக் கூடாது. குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களின் நகலை முதலில் எழுதிக் கேட்டு, பார்த்த பிறகே விளக்கம். வாய்மொழி விசாரணையில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை 'வேண்டாம் சார், விடுங்க' என்று விட்டுக்கொடுத்தவர்கள் பின்னால் கோர்ட்டில் அதற்காகவே தோற்றிருக்கிறார்கள்.

கால அளவையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். வழக்குத் தொடர ஊழல் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 19 அனுமதிக்கு மூன்று மாதம், தேவைப்பட்டால் மேலும் ஒரு மாதம். இரண்டு ஆண்டில் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் அதைத் தாண்டும். அதற்குள் தம்பி இரண்டு மூன்று ஸ்டேஷன் மாறியிருப்பார், சம்மன் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு மாறுதலிலும் புது முகவரியைச் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அரசு வழக்கறிஞருக்கும் எழுதிவிட்டு, தான் கொடுத்த வாக்குமூலத்தின் தேதியையும் குறிப்பிட்ட ரிஜிஸ்டர் பக்க எண்களையும் வீட்டு ஃபைலில் வைத்திருக்கட்டும். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அந்தத் தேதியைப் பற்றித்தான் இருக்கும்.